ஓட்டுச்சீட்டில் ஓய்வூதியம்: காலிக் கட்டமும் ஒரு பதில்தான்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2012 நவம்பர் 6 அன்று, அதிபர் தேர்தலோடு இன்னொரு கேள்வியும் வாக்காளர் முன் வைக்கப்பட்டது. அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், காவலர்களின் ஓய்வூதியப் பலனை இனி உயர்த்த, சட்டமன்றத்திலும் உள்ளாட்சியிலும் பள்ளி வாரியத்திலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும் என்று அரசமைப்பிலேயே எழுதிவிடலாமா?

ஓய்வூதியக் கடனில் மாநிலம் தத்தளித்த நேரம் அது. உயர்வுக்குக் கடிவாளம் போட்டால் கடன் தீரும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஆசிரியர்களின் ஒவ்வொரு சம்பளத்திலும் 9.4 சதவீதம் தவறாமல் பிடிக்கப்பட்டது. பல ஆண்டுகளாகத் தன் பங்கைக் குறைத்துக் கட்டியது அரசுதான். நாளைய உயர்வைத் தடுத்தால் நேற்றைய பாக்கி தீராது.

உரிமை என்ன?

1970-ஆம் ஆண்டின் இல்லினாய் அரசமைப்பு, ஓய்வூதியத்தை ஓர் ஒப்பந்தமாகவே காண்கிறது. அதன் பலனைக் குறைக்கக் கூடாது என்கிறது. 2013-இல் பலன்களை வெட்டிச் சட்டம் வந்தபோது ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2015 மே 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. அங்குள்ள பெரும்பாலான பள்ளி ஆசிரியர்களுக்கு அந்த வேலையின் பேரில் சோஷியல் செக்யூரிட்டி என்ற மத்திய அரசு ஓய்வூதியம் கிடையாது. முதுமையில் அவர்கள் நம்பியிருப்பது இந்த ஓய்வூதியத்தைத்தான்.

ஆபத்து எங்கே?

வரையறையில். சம்பள உயர்வு மட்டுமே 'பலன் உயர்வு' ஆகாது என்றது 2012-இல் வாக்குக்கு வந்த அந்த அரசமைப்புத் திருத்தம். கூடவே, சட்டம் வகுத்த வரம்பை மீறினால் ஆகும் என்றும் ஒரு வாசகம் இருந்தது. அந்த வரம்பைப் பின்னால் வரும் சட்டமன்றம் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். தொழிற்சங்கங்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது.

இன்னொன்று, எண்ணும் முறை. அந்தக் கேள்விக்கு வாக்களித்தவர்களில் 60 சதவீதம், அல்லது தேர்தலில் வாக்களித்த மொத்தப் பேரில் பாதிக்கு மேல் 'ஆம்' சொன்னால்தான் அங்கே அரசமைப்புத் திருத்தம் நிறைவேறும். அதனால் நிரப்பாமல் விட்ட கட்டம் 'இல்லை' என்பதற்குச் சமமாகலாம். அந்தக் கேள்விக்கு வாக்களித்தவர்களில் சுமார் 56 சதவீதம் பேர் 'ஆம்' என்று சொல்லியும் திருத்தம் தோற்றது.

என்ன செய்யலாம்?

• தலைப்போடு நிற்காமல் முழு வாசகத்தையும் படியுங்கள். இல்லினாயில் திருத்தத்துக்கு ஆதரவான, எதிரான வாதங்கள் அடங்கிய கையேடு தேர்தலுக்கு முன்பே வீடு தேடி வரும்.

• ஊழியர் என்றால், ஓய்வூதிய வாரியம் அனுப்பும் கணக்கறிக்கையைச் சம்பளச் சீட்டின் பிடித்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிசகு இருந்தால் வாரியத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

• அரசு பலனில் கைவைத்தால் சங்கத்தையும் வழக்கறிஞரையும் நாடுங்கள். 2015 தீர்ப்பு அப்படிக் கிடைத்ததுதான்.

• வாக்களிக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: அரசு கட்டாமல் விட்ட பாக்கியை இந்தத் திருத்தம் கட்டவைக்குமா? பிறகு கட்டத்தை நிரப்புங்கள், காலியாக விடாதீர்கள்.