மின்னூலகத்தின் முதல் திரை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர்களில் சிலருக்கு ஆவல் அடங்காது. ஏரி வாரியம் போன்ற ஊர்க் குழுக்களுக்குக் குடத்திலிருந்து ஓலை எடுத்து ஆள் தேர்ந்தெடுத்த குடவோலைத் தேர்தலுக்கு நிற்பவருக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும், 70 தாண்டியிருக்கக் கூடாது என்று 921ஆம் ஆண்டிலேயே சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்களே, இதை விரிவாகப் படிக்க நூல் உண்டா? கைப்பேசியை எடுத்து ஏதோ ஒரு மின்னூலகத்தைத் திறந்து, ஊர்ப் பெயரைத் தட்டுகிறார்கள். 'முடிவுகள் இல்லை' என்று வருகிறது. நூல் இல்லாமல் இல்லை. அது 'உத்தரமேரூர்' என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பேருந்தின் நெற்றியில் உத்திரமேரூர். பல வரலாற்று நூல்களில் உத்தரமேரூர். கல்வெட்டில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970இல் பிரெஞ்சில் எழுதிய நூலைத் தேடுபவர் ரோமன் எழுத்திலும் ஒரு வடிவத்தை ஊகிக்க வேண்டும். ஆகவே மின்னூலகத்தின் முகப்பை வடிவமைக்க உட்காருபவர் முதலில் கவலைப்பட வேண்டியது நிறத்தைப் பற்றியல்ல. தேடல் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி.

'உத்திரமேரூர்' நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடு முறையில் கணினி அதைப் பன்னிரண்டு குறியீடுகளாகச் சேமிக்கிறது. புள்ளிக்கு ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று, ஏகாரக் கொம்புக்கு ஒன்று என்று. 'உத்தரமேரூர்' என்பதில் அந்த இகரக் குறி மட்டும் இல்லை: பதினொன்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை குறிகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டுமோ அதுவே அவற்றுக்கிடையே உள்ள தூரம். நம் இரு ஊர்ப் பெயர்களுக்கும் தூரம் 1. 'உத்திரமேரூர்' என்பதிலிருந்து கல்வெட்டு வடிவமான 'உத்தரமேரு'வுக்கோ 4. தூரம் ஒன்றிரண்டு என்றால் 'இதைத்தான் தேடுகிறீர்களா?' என்று பெட்டியே கேட்டுவிடலாம். நாலு என்றால் கணக்கை நம்ப முடியாது. ஊரின் எல்லாப் பெயர்களையும் ஒரே பதிவில் முடிச்சுப் போட நூலகர்தான் வேண்டும்.

தமிழில் இதைவிட ஏமாற்றும் சிக்கல் ஒன்று உண்டு. 'கொ' என்பதை ககரமும் ஒகரக் குறியுமாக எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'ஸ்ரீ'க்கும் இப்படி இரண்டு பிறப்பு. பதிவு செய்தவர் ஒரு விதமாகவும் தேடுபவர் வேறு விதமாகவும் தட்டினால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் பிழை தெரியாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்வதுதான் மருந்து.

சரி, பெயரே தெரியாமல் வருபவர்? அவர் இரை தேடும் பறவையைப் போல. வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரைகள் சுற்றுவட்டார ஏரிகளில் இரை தேடுகின்றன. ஓர் இடத்தில் மீன் அகப்படும் வேகம் குறைந்தால், மிச்ச மீன் இருந்தாலும் இடம் மாறுவதே பறவைக்கு லாபம் என்று சூழலியலாளர் எரிக் சார்னோவ் 1976இல் கணக்குப் போட்டுக் காட்டினார். பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் அதே கணக்கை மனிதர் தகவல் தேடுவதற்குப் பொருத்தினார்கள். இணைப்பின் பெயரில் இரையின் வாசம் அடித்தால் வாசகர் உள்ளே போவார், இல்லையென்றால் பறந்துவிடுவார். 'வளங்கள்', 'சேவைகள்' போன்ற தலைப்புகளில் எந்த வாசமும் இல்லை. இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் தளம் (2005இல் தொடங்கியது) நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் என்று பச்சையாகப் பிரித்து வைத்திருக்கிறது. கல்வெட்டு பற்றித் தேடுபவர் இதழ்களுக்குள் போகலாம், தாத்தாவைப் பற்றித் தேடுபவர் நினைவு மலர்களுக்குள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்னும் எளிமை: எண்ணிட்ட நூல் பட்டியல். அழகில்லை என்பார்கள். எனக்கு அந்தப் பட்டியல் பிடிக்கும்; அரை நிமிடம் உருட்டினால் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

பிடிக்காதது, முகப்பின் உச்சியில் தானாக நகரும் படங்கள். அமெரிக்காவின் நோத்ர் தாம் பல்கலைக்கழகத் தளத்தில் 2013 வாக்கில் எண்ணிப் பார்த்தபோது, நூற்றில் ஒருவர்தான் அவற்றைச் சொடுக்கியிருந்தார். அந்தச் சொடுக்குகளிலும் பெரும்பகுதி முதல் படத்துக்கே. அந்தப் படங்களின் எடை வேறு. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீடும் பொதுவாக 3 பைட். இரண்டாயிரம் குறியீடுகள் கொண்ட ஒரு பக்க உரை 6 கிலோபைட்தான். திறப்பு விழாப் படம் ஒன்றே அதைப்போல நூறு மடங்கு இருக்கும். சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் கிராமத்தில் அந்தப் படம் இறங்கி முடிவதற்குள் வாசகர் போய்விட்டிருப்பார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் நான்காவது விதியாக 1931இல் எழுதிய சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் இப்படிப்பட்ட படங்களை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

இதையெல்லாம் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பயன்பாட்டு ஆய்வாளர்களான யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் போட்ட கணக்கின்படி, ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே குறைகளில் சுமார் 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். ஆனால் அந்த ஐந்து பேர் வடிவமைப்பாளரின் அலுவலக நண்பர்களாக இருக்கக் கூடாது. ஊர் நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வருபவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் என்று இருக்கட்டும். அவரவர் கைப்பேசியிலேயே, 'ஏரி வாரியம் பற்றி ஒரு நூல் எடுங்கள்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் எங்கே தயங்குகிறது, பெட்டியில் என்ன தட்டுகிறார்கள், எழுத்துக்கூட்டல் என்ன என்பதை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். தமிழாசிரியர் 'ஏரிவாரியம்' என்று சேர்த்தே எழுதுவார். அதற்கும் நூல் வர வேண்டும்.