பவுர்ணமிக்கும் அமாவாசைக்கும் நடுவே ஒரு தீவு! லீவுக்கு ராமேசுவரம் கிளம்பும் திருவண்ணாமலைக் குடும்பங்களே, எந்தக் கடலில் இறங்கப் போகிறீர்கள்?

திருவண்ணாமலை:

ஊர் உலகமெல்லாம் லீவு போட்டுவிட்டு நம்ம ஊருக்கு வருகிறது. நம்ம ஊர்க்காரன் லீவு போட்டுவிட்டு எங்கே போவான்?

தேரடித் தெரு பாத்திரக்கடை, சின்னக்கடைத் தெரு மளிகைக்கடை, கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா வீடு எதை எடுத்துக்கொண்டாலும், பள்ளிக்கூடம் அடைத்ததும் எழும் கேள்வி இதுதான். கேட்பவர் வீட்டுக்காரம்மா. பதில் சொல்ல முடியாமல் தினத்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்பவர் வீட்டுக்காரர்.

"ஏங்க, இந்த வருஷமாவது புள்ளைங்களை எங்கேயாவது கூட்டிட்டுப் போவீங்களா? சாத்தனூர் அணையை விட்டா நமக்கு வேற ஊரே கிடையாதா?"

அந்த அம்மா கேட்பதில் தப்பு இல்லை. 1958–ல் அணை கட்டி முடித்ததில் இருந்து, அங்கே போய்ப் பூங்காவைச் சுற்றி, முதலையைப் பார்த்து, பொரித்த மீன் தின்றுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவதுதான் நம்ம ஊர் உல்லாசப் பயணம். கொஞ்சம் கை ஓட்டம் உள்ளவர்கள் ஜவ்வாது மலை போவார்கள். இல்லாவிட்டால் புதுச்சேரி.

இப்போது இந்தப் பட்டியலில் ஒரு தீவும் சேர்ந்திருக்கிறது.

தீவு என்றதும் மாலத்தீவு, அந்தமான் என்று விளம்பரத்தில் பார்த்த நீலத் தண்ணீர் ஞாபகம் வரும். மாலத்தீவுக்கு நம்மவர்கள் போய் இறங்கினால் விசாவுக்குக் காசு இல்லைதான். ஆனால் விமானத்துக்கும் அங்கே ஓட்டலுக்கும் யார் கொடுப்பது? அந்தமானுக்கும் சென்னை போய்த்தான் விமானம் ஏற வேண்டும். 2024 ஜனவரியில் மாலத்தீவோடு மனக்கசப்பு வந்தபோது "லட்சத்தீவுக்குப் போவோம்" என்று நாடு முழுக்கப் பேச்சு அடிபட்டது. அங்கே போகவோ முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

நாலு பேர் உள்ள குடும்பம், மாதச் சம்பளம் அல்லது கடை வருமானம், கையில் சீட்டுப் பணம். இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற தீவு ஒன்றே ஒன்றுதான். ராமேசுவரம்! பாம்பன் தீவு என்று பூகோளப் புத்தகத்தில் படித்தோமே, அதுவேதான்.

வாசலில் ஏறி தீவில் இறங்கலாம்

திருப்பதி – ராமேசுவரம் எக்ஸ்பிரஸ் காட்பாடி, வேலூர் கண்டோன்மென்ட் வழியாக நம்ம ஸ்டேஷனுக்கே வருகிறது. வாரத்தில் 3 நாள் ஓடுகிறது. நடுவில் வண்டி மாற வேண்டாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் பிளாட்பாரமாக ஓட வேண்டாம்.

நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் இந்த வசதி அரைகுறையாகத்தான் இருந்தது. 1914 பிப்ரவரி 24–ந் தேதி திறந்த பழைய பாம்பன் பாலம் தள்ளாடிப் போய்விட்டதால், 2022 டிசம்பரில் அதன் மேல் ரெயில் விடுவதை நிறுத்தினார்கள். வண்டிகள் இக்கரையோடு நின்றன. அங்கிருந்து பஸ், ஆட்டோ என்று மூட்டை முடிச்சோடு அலைந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

2025 ஏப்ரல் 6–ந் தேதி, ராமநவமி அன்று, பிரதமர் மோடி புதிய பாலத்தைத் திறந்து வைத்தார். நீளம் 2 கிலோ மீட்டருக்குச் சற்று மேல். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிப்ட் போல மேலே ஏறுகிறது. நம் நாட்டில் கடலுக்கு மேல் இப்படி ஒரு பாலம் இதுதான் முதல். பழைய பாலத்தில் இரண்டு கை விரிவது போலத் திறக்கும்.

பாலம் வரும்போது பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். எழுப்பாமல் விட்டால் வருடம் முழுக்கப் பேச்சு கேட்க வேண்டி வரும்.

இங்கே பவுர்ணமி, அங்கே அமாவாசை

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

நம்ம ஊர் வியாபாரி பவுர்ணமி அன்று கடையை அடைக்க மாட்டான். 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும் இரவு அது. பூக்கடை, டீக்கடை, லாட்ஜ், ஆட்டோ எல்லாவற்றுக்கும் மாதத்தில் அந்த ஒரு ராத்திரி வருமானம்தான் முதுகெலும்பு. கோடையில் வரும் சித்ரா பவுர்ணமியோ மலையே நகர்வது போல இருக்கும். ஆகையால் பவுர்ணமி முடிந்து, கணக்கு பார்த்து, உடம்பு வலி தீர்ந்து கிளம்புவது என்று திட்டம் போடுகிறார்கள்.

கணக்கு பார்க்க ஒரு வாரம், டிக்கெட் எடுக்க இழுபறி, மாமியார் வீட்டில் இருந்து மைத்துனர் வந்து சேர இரண்டு நாள். இப்படி நாள் தள்ளித் தள்ளிக் கடைசியில் போய் இறங்குகிற அன்று பார்த்தால், அமாவாசை!

ராமேசுவரத்துக்கு அமாவாசைதான் நம்ம பவுர்ணமி. முன்னோர்களுக்குத் திதி கொடுக்கப் பல திசையில் இருந்தும் ஜனம் வந்து குவியும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். அறை கிடைக்காது. கிடைத்தால் வாடகை கேட்டுத் தலை சுற்றும். ஆட்டோக்காரர் சொல்கிற ரேட்டைக் கேட்டு நம்ம ஊர் ஆட்டோக்காரரே வாயைப் பிளப்பார். பவுர்ணமிக்கு இவர் வெளியூர்க்காரரிடம் என்ன சொன்னார் என்பது இவருக்கு மட்டும்தான் தெரியும்!

கூட்டத்தில் இருந்து தப்பித்து ஓய்வுக்குப் போன குடும்பம் இன்னொரு கூட்டத்தில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. பவுர்ணமி கழிந்து மூன்றாம் நாளே ரெயில் ஏறி, அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் ஊர் திரும்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்த இடைவெளி சுமார் பத்து நாள்தான். காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

அறைக்கு முன்பணம் கட்டுவதிலும் உஷார் வேண்டும். பிரபலமான விடுதிகள், மடங்களின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்திப் பணம் பறிக்கும் கும்பல்கள் புண்ணியத் தலங்களைக் குறி வைக்கின்றன. தெரியாத செல்போன் எண்ணுக்குப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொன்னால், பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. சொன்ன வசதியைத் தராத டூர் ஏஜெண்டு மேல் புகார் செய்ய 1915 இருக்கிறது. ரசீது இல்லாமல் முன்பணம் கொடுத்தால் இரண்டு எண்ணாலும் பெரிய பலன் இருக்காது.

ஆண் கடல், பெண் கடல்

நெருப்புத் தலத்தில் இருந்து போகிறவர்கள் முதலில் இறங்குவது அக்னி தீர்த்தத்தில். கோவில் கிழக்கு வாசலுக்கு எதிரே இருக்கும் கடல்தான் அது. அலை பெரிதாக இராது, குளம் மாதிரி இருக்கும். பயம் காலடியில்தான். பரிகாரம் என்று விட்டுப்போன பழந்துணி காலைச் சுற்றும். கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டில் மிதித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

ஆபத்து அங்கே இல்லை. தனுஷ்கோடியில் இருக்கிறது.

ராமேசுவரத்தில் இருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் தீவின் வால் நுனி. அரிச்சல்முனை என்று பெயர். முன்பெல்லாம் மணலில் வேன் தத்தித் தத்திப் போகும். 2017–ல் தார் ரோடு போட்டுத் திறந்தபிறகு கார், பஸ் எல்லாம் நேராக முனை வரைக்கும் போகிறது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். போகும்போது இடது கைப் பக்கம் பாக் நீரிணை, அதை உள்ளூரார் பெண் கடல் என்கிறார்கள். வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல்.

பெண் கடல் எப்போதும் சாது, ஆண் கடல் எப்போதும் முரடு என்று நினைத்துவிடக் கூடாது. வைகாசி, ஆனியில் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும்போது மன்னார் வளைகுடா சீறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று அடித்தால் பாக் நீரிணை பக்கம் கொந்தளிக்கும். முனையில் இரண்டு நீரோட்டமும் மோதுகின்றன. மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் போலத் தெரியும். ஓரடி எடுத்து வைத்தால் மணல் சரிந்து ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றமும் இழுப்பும் இன்னும் கூடும்.

அதனால்தான் அரிச்சல்முனையில் குளிக்கத் தடை. எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. போலீசார் விசில் ஊதி விரட்டுகிறார்கள். இருட்டுவதற்கு முன் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படியும் "ஒரே ஒரு முழுக்கு" என்று வேட்டியை மடித்துக் கட்டுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். அப்பா இறங்கினால் பிள்ளை கரையில் நிற்குமா?

நம்ம ஊர்ப் பிள்ளைகள் நீச்சல் பழகுவது கிணற்றிலும் ஏரியிலும். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் நிற்கிறவனை இழுத்துக்கொண்டு போகும். கிணற்றில் நீச்சல் தெரிந்த பையன்தான் கடலில் அதிகம் துணிந்து இறங்குகிறான். ஆளை அலை இழுத்துவிட்டால் கூடவே நாலு பேர் குதிப்பது இன்னும் மோசம். பக்கத்தில் உள்ள மீனவரைக் கூப்பிடுங்கள், 1093 என்ற கடலோரக் காவல் எண்ணுக்குப் போன் போடுங்கள். கயிறு, காலி பிளாஸ்டிக் கேன், எது கையில் கிடைக்கிறதோ அதை வீசுங்கள்.

கடல் விழுங்கிய ரெயில்

பிள்ளைகளுக்குக் கடலின் சுபாவத்தைச் சொல்லிக் கொடுக்க அங்கேயே சாட்சி நிற்கிறது. கூரை இல்லாத மாதா கோவில் சுவர், இடிந்த ரெயில்வே ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி.

ஒரு காலத்தில் சென்னையில் இருந்து வந்த போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போய் இறங்கி, அங்கே இருந்து ரெயிலில் கொழும்பு போனார்கள். சுங்கச்சாவடி, தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று சந்தடியான ஊர்.

1964 டிசம்பர் 22–ந் தேதி இரவு புயல் அடித்தது. பாம்பனில் இருந்து கிளம்பிய 653–ம் நம்பர் பாசஞ்சர் ரெயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை. நின்று பார்த்த டிரைவர், பிறகு வண்டியை மெல்ல நகர்த்தினார். பேரலை எழுந்து ரெயிலை அப்படியே புரட்டிப் போட்டது. பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர். சுற்றுலா வந்த மாணவர்களும் அதில் இருந்தார்கள் என்பது நெஞ்சை உலுக்கும் விஷயம். அந்தப் புயலில் மொத்தம் சுமார் 1,800 பேர் செத்துப்போனதாகக் கணக்கு. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போய்விட்டன. சரி செய்ய 6 மாதம் என்று ரெயில்வே கெடு வைத்தது, பிறகு அதையே 3 மாதமாகக் குறைத்தது. 32 வயது என்ஜினீயர் ஒருவர் 46 நாளில் முடித்துக் காட்டினார். பின்னாளில் கொங்கண் ரெயிலையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய ஈ.ஸ்ரீதரன்தான் அவர்.

புயலைப் பற்றித் திருவண்ணாமலைக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 1–ந் தேதி பெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து, வ.உ.சி. நகரில் 7 பேர் மண்ணுக்குள் புதைந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். கடலில் இருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஊரிலேயே இந்தக் கதி. தனுஷ்கோடி மாதா கோவில் சுவர் எதிரே நம்ம ஊர்க்காரர் நிற்கும்போது வேறு ஊர்க்காரருக்குத் தெரியாத ஒன்று தெரியும்.

மூன்று நாள் போதும்

ராமநாதசுவாமி கோவிலில் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாற்றி, தரிசனம் முடிக்க ஒரு முழுக் காலைப்பொழுது. உலகம் மெச்சும் மூன்றாம் பிரகாரத்தில் சாயங்காலம் ஒருதரம் சும்மா நடங்கள். நம்ம கோவில் பிரகாரம்போல ஆகாயம் தெரியாது, தூண்தான் தெரியும். மறுநாள் பேக்கரும்பில் அப்துல் கலாம் மணிமண்டபம், தங்கச்சிமடத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் கிடைக்கும் வில்லூண்டி தீர்த்தம். பாம்பன் ரோட்டுப் பாலம் 1988–ல் திறந்தது. அதன் மேல் நின்று கீழே படகுகளைப் பார்ப்பதற்குக் காசு கிடையாது. ஆனால் கார்கள் பறக்கின்றன, செல்பி எடுக்கக் கைப்பிடிச் சுவரில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

மூன்றாம் நாள் எங்கேயும் போகாதீர்கள். லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ஒன்பது இடம் பார்க்கும் டெம்போவில் ஏறி வியர்த்து வழிவதற்கா இத்தனை தூரம் வந்தோம்?

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். பள்ளி லீவும் அதே சமயம் வருவதால் பெரிய மீன் வரத்து குறைவு, விலை ஏறியிருக்கும். நாட்டுப்படகு மீனும் கரைவலை மீனும் கிடைக்கும். தனுஷ்கோடிப் பக்கம் காலையில் போனால், பத்து இருபது பேர் கரையில் நின்று வலையை இழுப்பதைப் பார்க்கலாம். நம்ம பிள்ளைகள் தேர் வடம் பிடித்த கைகள். கூட நின்று இழுத்துப் பார்க்கக் கேட்டால் மீனவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

திரும்பும்போது சங்கு, சோழி வாங்குங்கள்.  கரையோரம் யாராவது துணியை விலக்கிக் காட்டி, பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல் குதிரை என்று விலை பேசினால் கிட்டே போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. பவளமும் கடல் குதிரையும் 1972–ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியவை. ஷோகேசில் வைக்க நூறு ரூபாய்க்கு வாங்கிய துண்டு, ரெயில் பெட்டி சோதனையில் சிக்கினால், ஜாமீனுக்கு ராமநாதபுரம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டி வரும்.