செஞ்சியில் ஒரு பகல்

செஞ்சிக் கோட்டை சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். திருவண்ணாமலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஊரில் தங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. திருவண்ணாமலைக்குப் போகும் வழியிலோ புதுச்சேரிக்குத் திரும்பும் வழியிலோ சில மணி நேரம் இறங்கிவிட்டுப் போகிறவர்களே மிகுதி. செஞ்சியில் பார்க்க வேண்டியவை மலைமேல் இருக்கின்றன. வெயில் ஏறுவதற்குள் மலை ஏறியாக வேண்டும்.

கோட்டை என்பது இங்கே ஒரு மலையல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த முக்கோணம். திருவண்ணாமலைச் சாலை இதனூடே செல்வதால், பேருந்தில் இருந்தபடியே கோட்டையைக் கடந்துவிடுகிறவர்களும் உண்டு.

காலையில் முதலில் ஏற வேண்டியது ராஜகிரி. உயரம் ஏறக்குறைய 800 அடி. பிற்பகலில் தாமதமாக வந்தால் மேலே விடுவதில்லை. குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். தின்பண்டத்தை வெளியே காட்டினால் குரங்குகள் விடாது. பாதிவழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். உச்சியை நெருங்கும்போது பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவின் குறுக்கே இருக்கும் சிறு பாலம்தான் ஒரே வழி. அதை எடுத்துவிட்டால் விரல்விட்டு எண்ணக்கூடிய வீரர்களே உச்சியைக் காத்துவிடலாம். மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பீரங்கி.

ஆனால் இடம் மட்டுமே கோட்டையைக் காத்துவிடவில்லை. சிவாஜி 1677-இல் பிஜப்பூரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம், மொகலாயரிடமிருந்து தப்பி இங்கே வந்து, மராட்டிய அரசை இங்கிருந்தே நடத்தினார். சுல்பிகர் கானின் படை 1690-இல் முற்றுகையிட்டது. 1698-இல்தான் கோட்டை விழுந்தது, அதற்குள் ராஜாராமும் வெளியேறிவிட்டார். எட்டு ஆண்டு தாக்குப்பிடித்த அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்து 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதற்கு அந்த மராட்டியக் காலமே காரணம். கட்டடங்களில் பெரும்பகுதி நாயக்கர் காலத்தவை என்பதைப் பட்டியலை மட்டும் படிப்பவர் அறிய மாட்டார்.

இறங்கியதும் கீழ்க்கோட்டை. கூம்பு முடியோடு அடுக்கடுக்காக உயரும் கல்யாண மகாலின் மேல்மாடிகளுக்கு மண்குழாய் வழியே தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். அருகே நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக்கூடம், ஆனைக்குளம். வெங்கட்ரமணர் கோயிலில் சிலை இல்லை, தூண்களும் பல இல்லை. அவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவையே என்பார்கள். சாதத்துல்லா கான் மசூதியும் இப்பகுதியில்தான் உள்ளது.

செட்டிக்குளத்தை வெறும் குளமென்று கடந்துவிடக் கூடாது. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போருக்குப் போன தேசிங்கு ராஜன், 1714-இல் மாண்டபோது அவனுக்கு வயது 22 என்பர். மனைவி உடன்கட்டை ஏறியது இக்குளக்கரையில் என்பது மரபு. ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயரும் அவளை நினைத்து வைத்ததே என்கிறார்கள். ஆண்டது ஓராண்டுகூட இல்லை. தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் செஞ்சி என்றால் இன்றும் தேசிங்குதான்.

பலர் இத்துடன் கிளம்பிவிடுகிறார்கள். சாலையின் மறுபுறம் உள்ள கிருஷ்ணகிரி ராஜகிரியைவிடத் தாழ்ந்தது, கூட்டமும் குறைவு. உச்சியில் குவிமாடக் கூரையுள்ள கொலு மண்டபம், எண்ணெயும் நெய்யும் சேமித்த தொட்டிகள், கோயில்கள். அந்த மண்டபத்தின் காற்றுக்காகவே ஏறலாம். முழங்கால் இரண்டு மலைகளுக்கு இடம்கொடுக்காதென்றால் ராஜகிரியை விட்டுக் கிருஷ்ணகிரியைத் தேர்வதே மேல்.

மாலையில் நேரம் மிஞ்சினால் சில கிலோமீட்டர் வடக்கே சிங்கவரம். பல்லவர் குடைந்த குகைக்கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு வந்து வேண்டியபோது, போக வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக ஊரார் சொல்வார்கள். விழுப்புரம் சாலையில் திரும்புகிறவர்கள் சிங்கவரத்துக்குப் பதிலாக மண்டகப்பட்டில் இறங்கலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி எடுத்த கோயில் என்று மகேந்திரவர்மன் கல்லில் எழுதிவைத்த குகை அங்கே இருக்கிறது.