மற்றவருக்கு நோ குறைவதைப் பார்த்தால் எமக்கும் குறையுமா?

புலம்பெயர்ந்த எம்மவரிடையே மருந்துகளைப் பற்றிய செய்தி தொலைபேசியில்தான் பரவுகிறது. "அந்தக் குளிசை போட்டன் அக்கா, ரெண்டு நாளில நோ பறந்திட்டுது" என்று ஒருவர் சொன்னால், கேட்டவருக்கும் ஓரளவு ஆறுதல் கிடைக்கிறது. சொன்னவர் எழும்பி நடப்பதைக் கண்ணால் பார்த்தால் ஆறுதல் இன்னும் கூட.

இத்தாலியின் ரூரின் நகரில் கொலோக்கா, பெனடெற்றி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2009 இல் வெளியிட்டார்கள். அவர்கள் ஏற்பாடு செய்த ஒருவரின் கையில் சிறு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. சிவப்பு விளக்கு எரியும்போது நோகிறது என்றும், பச்சை எரியும்போது நோ குறைவு என்றும் அவர் காட்டினார். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களின் முறை வந்தபோது, இரண்டு விளக்குக்கும் ஒரே அளவு அதிர்ச்சிதான். ஆனாலும் பச்சைக்கு நோ குறைவு என்றே சொன்னார்கள். பச்சைக்கு நோ குறையும் என்று வாயால் மட்டும் சொல்லப்பட்டவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது. பார்த்தவர்களுக்கோ, தாமே முன்பு அனுபவித்துப் பழகியவர்களுக்குக் கிடைத்த அளவு கிடைத்தது. பிறர் துன்பத்தில் அதிகம் இரங்குகிறவர்களுக்குப் பலனும் அதிகம். செலவு எழுதாமல் வரவு மட்டும் விழுந்த இந்தக் கணக்கை நான் இரண்டு தரம் வாசித்துத்தான் நம்பினேன்.

இதை மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் 1978 இல் நடந்த ஆய்வில், மருந்துப்போலியால் நோ குறைந்தவர்களுக்கு நலொக்சோன் கொடுத்ததும் நோ திரும்பக் கூடியது. நலொக்சோன் மோர்பினின் வேலையைத் தடுப்பது. அப்படியென்றால் உடம்பே தனக்குரிய நோவகற்றியைச் சுரந்திருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண களிம்பு பூசியதும் ஒருவர் கூடுதலாக நோவதாகக் காட்டும் காணொளியைப் பார்த்தவர்களுக்கு, அதே களிம்பு பூசியபோது நோ கூடியது.

குறைவது நோ மாத்திரமே. முறிந்த எலும்பு இதனால் பொருந்தாது, கிருமி சாகாது. நெஞ்சு நோவென்றால் அயலவரின் அனுபவத்தைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, அம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

நான் அதிகம் யோசிப்பது வைத்தியசாலை அறையைப் பற்றித்தான். டொக்டரின் மொழி விளங்காத அம்மா, மொழிபெயர்க்க வந்த மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பா. ஊசியைக் கண்டதும் மகள் முகத்தைச் சுளித்தால், அம்மாவுக்கு முதலில் கிடைக்கும் மொழிபெயர்ப்பு அதுதான். பொய் சொல்லத் தேவையில்லை. அதே ஊசியால் சுகப்பட்ட தெரிந்தவர் ஒருவர் இருந்தால், போகுமுன் அவரை வீட்டுக்கு வந்து அம்மாவோடு தேத்தண்ணி குடிக்கச் சொல்லலாம்.