149 ரூபாய் இன்டர்நெட்டும் பில் கட்டுகிறவரின் உரிமையும்

நகரி, புத்தூர், குப்பம் பக்கம் போகிறவர்கள் கரண்டு கம்பங்களை அண்ணாந்து பார்த்தால், மின்கம்பிக்குக் கீழே கறுப்பாக மெல்லிய கேபிள் ஒன்று ஓடுவதைக் காணலாம். சில கம்பங்களில் மிச்சக் கேபிளை வளையமாகச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டம் இப்படித்தான் ஊருக்குள் வந்தது. பள்ளம் தோண்டிப் புதைத்தால் பணமும் காலமும் பிடிக்கும் என்பதால், இருக்கிற மின்கம்பங்களிலேயே மாநிலம் முழுக்கச் சுமார் 24,000 கிலோமீட்டர் கேபிள் இழுத்தார்கள். 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் மாதம் 149 ரூபாய்க்கு 15 எம்பிபிஎஸ் இன்டர்நெட், 250 டிவி சேனல், ஒரு போன் இணைப்பு. வீட்டு வாசல் வரை இணைப்பைக் கொண்டுவருபவர் உள்ளூர் கேபிள்காரர்.

அந்த வேகம் மாதம் 5 ஜிபி வரைக்கும்தான். பிள்ளைகள் வீடியோ பாடம் பார்த்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதற்கப்புறம் 1 எம்பிபிஎஸ். விளம்பரத்தில் பெரிதாக இருப்பது விலை. கேட்டு வாங்க வேண்டியது இந்த வரம்பு.

149 நிலைக்கவுமில்லை. சில ஆண்டுகளில் அடிப்படைக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 2019-ல் ஆட்சி மாறியது. 2021-ல் திட்டத்தின் 321 கோடி ரூபாய் டெண்டரில் முறைகேடு என்று சிஐடி வழக்குப் போட்டது. 2024-ல் மறுபடி ஆட்சி மாறியது. ஃபைபர்நெட் நிறுவனத்துக்குப் புதிதாக வந்த தலைவரும் அதிகாரிகளோடு மோதி 2025 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். அரசியல் சண்டை எப்படியோ போகட்டும், இடையில் சிக்கியவர்கள் மாதாமாதம் பணம் கட்டிய வீட்டுக்காரர்கள்.

இன்டர்நெட் இல்லாமல் காலம் தள்ளலாம் என்றால் விட்டுவிடலாம். அப்படி இல்லை. சாதிச் சான்று, அடங்கல் போன்றவற்றை ஆன்லைனில் தரும் மீசேவா 2011-ல் முதலில் வந்ததே சித்தூர் மாவட்டத்தில்தான். 2025 ஜனவரி முதல் ‘மன மித்ரா’ என்ற பெயரில் அரசு சேவைகள் வாட்ஸப்புக்கே வந்துவிட்டன. திருமலையின் 300 ரூபாய் தரிசன டிக்கெட் இணையத்தில் வெளியான சற்று நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. நெட் மெதுவாக இருப்பவரால் அங்கே வரிசையில் நிற்கவே முடியாது.

அரசே சேவையை இணையத்துக்கு மாற்றிவிட்டு, இணையம் உங்கள் பாடு என்று சொல்லலாமா? கூடாது என்கிறது உச்ச நீதிமன்றம். கேஒய்சி நடைமுறையில் தடுமாறிய அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பானது. கிராமப்புற ஏழைகளின் நிலையையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. எல்லோருக்கும் இலவச நெட் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அணுகும் வழியை அமைத்துத் தருவது அரசின் கடமை. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற இலக்கோடு கேரளா கேஃபோன் இணையத் திட்டத்தை நடத்துவது அந்தக் கடமையை ஒப்புக்கொண்டுதான்.

அரசு செலவழிக்கும் பணமும் யாரோ கொடுக்கும் தானமல்ல. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வருவாயில் 5 சதவீதத்தை ஊரகச் சேவைக்கான நிதிக்குக் கட்டுகின்றன. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. நாம் செய்யும் ரீசார்ஜிலிருந்து போகும் பணம் அது. கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. தன் பஞ்சாயத்துக்குக் கேபிள் வந்ததா, வந்தது வேலை செய்கிறதா என்று கிராம சபையில் கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

பெரும்பாலான வீடுகளில் இன்னும் செல்போன் டேட்டாதான். அதிலே ஒரு கணக்கு இருக்கிறது. 28 நாள் ரீசார்ஜ் என்றால் வருடத்துக்கு 13 முறை. 299 ரூபாய் பிளானில் ‘மாதம் 299’ என்று நினைத்தவர், ஒரு 299-ஐக் கூடுதலாகக் கட்டுகிறார். 30 நாள் பிளான் ஒன்றையும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-லேயே உத்தரவிட்டது. கடையில் அதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

தரிசன டிக்கெட்டைப் போல அவசரம் இருக்கும் இடத்தில் ஏமாற்றுக்காரன் கடை விரிப்பான். திருமலை தேவஸ்தானத்தின் பெயரில் முளைத்த போலி இணையதளங்கள் மீது வழக்கு மேல் வழக்குப் பதிவாகியிருக்கிறது. பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதித்தால், பணம் கணக்கு மாறிக் கைக்கெட்டாமல் போய்விடும்.

இணைப்பு அறுந்து கிடந்தால்? மரம் விழுந்தாலும் உயரமான லோடு லாரி உரசினாலும் கம்பத்துக் கேபிள் போய்விடும். கேபிள்காரருக்குப் போன் போட்டுக் காத்திருப்பதுதான் ஊர் வழக்கம். அது போதாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகாரைப் பதிவுசெய்து, கிடைக்கும் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிராட்பேண்ட் பழுது 3 நாளைத் தாண்டினால் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்பது டிராய் விதி. பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார்களை அங்கே விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. புகார் எண்ணையும் பில்லையும் மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.