தீப்பொறியும் வெப்பமானியும்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பிளாட்டினம் மின்தடை வெப்பமானியோடு மல்லுக்கட்டாதவர் இரார். உருகும் பனிக்கட்டியில் ஒருமுறை, நீராவியில் ஒருமுறை வைத்து, சமன்புள்ளி கிடைக்காமல் வியர்த்துப் போயிருக்கிறோம். சாவியை எடுக்கும்போது சில வேளை ஒரு சிறு பொறி தோன்றும். அதைப்பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட வைத்தவர் என் பெரியப்பா மகன். தவிட்டெண்ணெய் ஆலை ஒன்றில் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணியில் இருப்பவர்.

"உங்க லேப்ல வர்ற பொறி எங்க ஆலையில வந்தா, நான் வீட்டுக்கு வரமாட்டேன்டா" என்றார், கோடை விடுமுறையில் ஓர் இரவு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், பெரியம்மா சிரிக்கவில்லை.

தவிட்டிலுள்ள எண்ணெயை ஹெக்சேன் என்னும் நீர்மத்தில் கரைத்தெடுத்து, பிறகு சூடேற்றி ஹெக்சேனைப் பிரிப்பார்கள். அது ஏறத்தாழ 69 பாகையில் கொதிக்கும். அதன் ஆவி காற்றைப்போல் மூன்று மடங்கு கனமானது. ஆகவே மேலே பறந்து போகாமல் பள்ளங்களிலும் வடிகால்களிலும் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சற்றே தாண்டினாலும் போதும், பற்றுவதற்கு ஆயத்தம். பற்றவைக்கத் தேவையான ஆற்றலோ ஒரு மில்லி ஜூலில் கால் பங்கு! ஒரு கிராம் எடையை இரண்டரை சென்டிமீட்டர் உயர்த்தும் வேலைதான் அது. கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சற்று நடுக்கம் கண்டது.

இப்படிப்பட்ட இடத்திலும் வெப்பநிலையை அறியாமல் முடியாது. அங்கே இருப்பதும் நாம் அறிந்த அதே பிளாட்டினம் கம்பிதான். சுழியத்தில் 100 ஓம், நூறு பாகையில் 138.5 ஓம். கலத்திற்குள் நீண்டிருக்கும் எஃகு உறையொன்றினுள் அதைச் செருகியிருப்பார்கள். கம்பி பழுதானால், கலத்தைத் திறக்காமலே உருவி மாற்றலாம். உறையின் தலையிலுள்ள டிரான்ஸ்மிட்டர், மின்தடையை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக மாற்றிக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகிறது. ஏன் சுழியத்திலிருந்து தொடங்கவில்லை என்று கேட்டேன். அந்த 4 மில்லி ஆம்பியரில்தான் கருவியே உயிர் வாழ்கிறது. தவிரவும், கம்பி அறுந்தால் சுழியம் காட்டும், உடனே தெரிந்துவிடும் என்றார்.

அறுகிற அந்தக் கணத்தில் எழும் பொறியை என்ன செய்வது? ஒரு வழி, கருவியைக் கனத்த உலோகப் பெட்டிக்குள் அடைப்பது. உள்ளே வெடித்தாலும் சுடுவாயு மூடியின் இடுக்கு வழியே ஊர்ந்து வெளிவருவதற்குள் குளிர்ந்துவிடும். 1815-இல் ஹம்ப்ரி டேவி கம்பிவலையால் சுரங்க விளக்கைக் காத்த தத்துவத்திற்கு இது நெருங்கிய உறவு. ஆனால் மூடியின் ஒரு போல்ட் குறைந்தாலும், பொருந்தும் முகத்தில் ஆழமாகக் கீறல் விழுந்தாலும் அந்தக் காப்பு போயிற்று. மின்சாரம் ஓடும்போது திறக்கவும் கூடாது.

மற்றொரு வழிதான் என் மனத்தைக் கவர்ந்தது. பொறியை அடைப்பதற்குப் பதில், பற்றவைக்கும் வலிமையே அதற்கு இல்லாமல் செய்வது. இதற்குப் பின்னே ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1913 அக்டோபர் 14 அன்று, வேல்ஸ் நாட்டின் செங்ஹெனித் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் மாண்டனர். காரணம் ஐயமற நிறுவப்படவில்லை. எனினும், சைகை மணி அடிக்கும் வெற்றுக் கம்பிகளில் எழுந்த பொறியின்மேல் வலுவான சந்தேகம் விழுந்தது. சில மின்கலங்களால் ஓடும் மணிதானே என்று அதுவரை எண்ணியிருந்தனர். வீலர், தார்ன்டன் ஆகியோர் ஆராய்ந்து, ஆபத்து மின்கலத்தில் மட்டுமன்று, மணியின் கம்பிச்சுருளில் சேமிக்கப்படும் ஆற்றலிலும் உண்டென்று காட்டினர். தேர்வுக்காக நாம் உருப்போடும் அந்த ½LI² தான், நண்பர்களே! சுருளுக்குப் பக்க இணைப்பாக ஒரு மின்தடையைப் பொருத்திப் பொறியை அடக்கினார்கள்.

இன்று அந்தக் காவலைச் செய்வது கட்டுப்பாட்டு அறையில் பொருத்தப்படும் 'பாரியர்' என்னும் சிறு பெட்டி. ஓர் உருகி, ஸீனர் டையோடுகள், ஒரு மின்தடை, இவ்வளவே அதன் உள்ளடக்கம். 28 வோல்ட், 300 ஓம் என்பது பரவலான அளவு. வகுத்துப் பாருங்கள்: கம்பிகள் ஒன்றையொன்று தொட்டாலும் 93 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. அறைக்குள் பழுது நேர்ந்து 230 வோல்ட் ஏறினாலும், டையோடு அதை நிலத்திற்குத் திருப்ப, உருகி அறுந்துவிடும். ஆகையால் நில இணைப்பின் தடை ஓர் ஓமுக்குக் குறைவாக இருக்கவேண்டும். நீண்ட கேபிளும் ஒரு மின்தேக்கிதான். அதன் ஆற்றலும் கணக்கில் சேரும். ஹைட்ரஜன் உள்ள இடமானால், இந்தப் பாரியருக்கு 83 நானோஃபாரடுக்குமேல் அனுமதியில்லை. மீட்டருக்கு 200 பிக்கோஃபாரடு என்று கொண்டால் 415 மீட்டரிலேயே எல்லை வந்துவிடும். வெளிர்நீல உறையிட்ட இந்தக் கேபிளை மற்ற மின்கம்பிகளோடு கலந்து இழுக்கவும் கூடாது.

இத்தனை காவலுக்கும் ஒரு விந்தையான குணம் உண்டு. அது இல்லாவிட்டாலும் கருவி சரியாகவே காட்டும்! இதைச் சொன்னபோதுதான் அண்ணன் தம் கதைக்கு வந்தார். முன்பு அவர் வேலை பார்த்த ஓர் ஆலையில், இரவுப் பணியில் ஒரு பாரியர் செயலிழந்தது. மாற்றுப் பாரியர் கையிருப்பில் இல்லை. "நேரா கனெக்ஷன் குடுப்பா, ரீடிங் வந்தா போதும்" என்றார் மேற்பார்வையாளர். ரீடிங் வந்திருக்கும், ஒரு பாகைகூடப் பிசகாமல். அண்ணன் மறுத்துவிட்டார். அந்தப் பகுதி விடியும்வரை நின்றது. மறுநாள் பகலில் புதுப் பாரியர் வந்து சேர்ந்தது. உற்பத்தியைத் தடை செய்ததாக அண்ணனுக்கு ஒரு மெமோவும் வந்தது.

அந்த மெமோவை எனக்குக் காட்டினார். பள்ளிச் சான்றிதழ்களோடு ஒரே உறையில் வைத்திருக்கிறார்.