காசால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்! - வீராம்பட்டினம் கரையில் ஒரு படகு வைத்தியம்

புதுச்சேரி வீராம்பட்டினம் கடற்கரையில் காலை ஒன்பது மணிக்கே மணல் சுடத் தொடங்கிவிட்டது. கீற்றுப் பந்தலுக்குக் கீழே ஒரு ஃபைபர் படகு. அதன் பின்னால் குந்தியிருந்த ரெசின் வேலைக்காரர், சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் படகின் பின்பலகையைத் தட்டிக்கொண்டே போனார். டக்... டக்... டக். எஞ்சின் மாட்டும் இடத்துக்குக் கீழே வந்ததும் சத்தம் மாறியது. தொப்!

``கேட்டியா தம்பி? வெளியில பாத்தா பளபளன்னு இருக்கு. உள்ள மரம் ஊறிப்போச்சு.''

எனக்கு முதல் ஆச்சர்யமே அங்கேதான். ஃபைபர் படகுக்குள் மரம் ஏது?

இருக்கிறது. படகின் உடல் முழுக்கக் கண்ணாடியிழையும் ரெசினும்தான். ஆனால், அவுட்போர்டு எஞ்சினைக் கவ்விப் பிடித்திருக்கும் பின்பலகையில் மட்டும், இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே சுமார் ஒன்றரை அங்குல கனத்துக்குப் பிளைவுட் வைப்பது பரவலான வழக்கம். காரணம் எளிமையானது. சிறிய அவுட்போர்டு எஞ்சினே 40 கிலோ அளவுக்கு எடை வரும். அது ஓடும்போது கீழ்ப்பகுதி படகை முன்னால் தள்ளும். மேல்பகுதி பலகையைப் பின்னால் வளைக்கப் பார்க்கும். போதாததற்கு, அலையைத் தாண்டி வந்து மணலில் மோதி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குலுக்கல். இதையெல்லாம் தாங்குவது அந்த மரம்தான். (உள்ளேயே டீசல் எஞ்சின் வைத்து நீளத் தண்டு போட்ட படகுகளின் அமைப்பு வேறு.)

அப்படியானால் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? போல்ட் துளை வழியாகத்தான். துளை போட்டவர் அதன் உட்சுவரை ரெசினால் அடைக்காமல் நேரே போல்ட்டை முறுக்கியிருப்பார். தண்ணீர் வடியும் ஓட்டை, மேல் விளிம்பில் விழுந்த மயிரிழை விரிசல் என்று இன்னும் சில வாசல்களும் உண்டு. உள்ளே போன உப்புத்தண்ணீர் வெளியேற வழியில்லை. பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்து, கடைசியில் ஊறிய அட்டையாகிவிடும்.

இந்த இடத்தில் கட்டுமரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்துக் காயப்போடுவார்கள். ஈரம் கண்ணுக்குத் தெரிந்தது, வெயில் அதைப் பார்த்துக்கொண்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையோரக் கட்டுமரங்களையும் படகுகளையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். அவசரத்தில் கட்டியதால் தரம் ஒன்றுபோல இல்லை என்று அப்போதே பேசப்பட்டது. `ஃபைபர் அழுகாது' என்ற நம்பிக்கை மட்டும் எல்லோரிடமும் ஒன்றுபோல வந்துசேர்ந்தது.

``போன மாசம் எஞ்சினைத் தூக்கும்போது பலகையும் சேர்ந்து அசைஞ்சது. ஏதோ ஆட்டம் கண்டிருக்குன்னு போல்ட்டை முறுக்கி விட்டேன்'' என்கிறார் படகுக்காரர். பெயரும் படமும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முறுக்க முறுக்க போல்ட் உள்ளே இறங்கியதாம். அழுகிய மரம் நசுங்கிக்கொண்டிருந்ததன் அடையாளம் அது. கரையில் கண்டுபிடித்தது அதிர்ஷ்டம். நடுக்கடலில் பலகை பிளந்தால் எஞ்சின் தண்ணீருக்குள் போகும். எஞ்சின் போன ஓட்டை வழியாகத் தண்ணீர் படகுக்குள் வரும்.

அவருடைய கவலை வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விசைப்படகுகள் ஓய்வெடுக்கும் இந்த நாள்களில்தான் கரையோரம் போய்வரும் சிறு படகின் மீனுக்கு நல்ல விலை. ``சம்பாதிக்கிற நேரத்துல பத்து, பதினஞ்சு நாள் படகைக் கவுத்துப் போடச் சொல்றாரே!'' மேலாக இரண்டு மேட் ஒட்டி, அலுமினியத் தகடு அடித்துக் கொடுத்தால் போதாதா என்று அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

ரெசின்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. பலகையின் உள்பக்கத்தில், சந்தேகமான இடத்தில் சின்னதாக ஒரு துளை போட்டார். துளைக்கருவியோடு வெளியே வந்த தூள் கறுப்பாக, ஈரமாக, புளித்த நெடியோடு இருந்தது. நல்ல மரமென்றால் உலர்ந்த வெளிர் பழுப்பில் உதிர வேண்டும். ``இது மேல மேட் ஒட்டறது, சீழ் வெச்ச புண்ணுல பிளாஸ்திரி போடற மாதிரி'' என்றார். ஈர மரத்தில் பாலியெஸ்டர் ரெசின் பிடிக்காது. தகடு அடிப்பதென்றால் புதிதாகப் பத்துத் துளை. தண்ணீருக்குப் பத்து வாசல். படகுக்காரர் கொஞ்ச நேரம் அந்தத் தூளை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, `சரி' என்றார்.

வேலை தொடங்கியது. முதலில் படகின் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்தார்கள். பின்பலகையைத் திறந்ததும் உடல் விரிந்துகொடுத்துவிடக் கூடாது. பிறகு, உள்பக்கத் தோலை மட்டும் கிரைண்டரால் அறுத்தார்கள். வெளித்தோலைத் தொடவில்லை, அதுதான் புதிய பலகைக்கு அச்சு. மரத்தை உளியால் நெம்பினால் மேல்பகுதி சில்லு சில்லாக வந்தது. கீழ்ப்பகுதியைக் கையாலேயே அள்ளினார்கள்.

அடுத்ததுதான் யாரும் பொறுமை காட்டாத கட்டம்: காயவைப்பது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு தங்கினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பகலெல்லாம் வெயில், பொழுது சாய்ந்ததும் பனி இறங்காமல் தார்ப்பாய். இப்படிச் சில நாள்கள். `பத்து, பதினஞ்சு நாள்' கணக்கில் பெரும்பகுதி இதற்கும், கடைசியில் ரெசின் இறுகுவதற்கும்தான் போகிறது.

புதுப் பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஏடு பிரியாத பசை இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் சோதனைகளில் ஒன்று. 18 மி.மீ. தாள் இரண்டை ஒட்டி, வெட்டிய விளிம்புகளுக்கு ரெசினைக் குடிக்கக் குடிக்கக் கொடுத்தார்கள். வெளித்தோலின் உள்பக்கத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, கெட்டியான ரெசின் பசை பூசி, பலகையை வைத்து இறுக்கினார்கள். சுற்றிலும் பசை பிதுங்கி வந்தால்தான் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம்.

உள்மூலைகளைப் பசையால் வளைவாக்கிய பிறகு மேட், ரோவிங், மறுபடி மேட். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட அகலமாக, படகின் அடிப்பகுதியிலும் பக்கங்களிலும் ஏறிப் படிய வேண்டும். பலம் பலகையில் மட்டும் இல்லை. அது உடலோடு சேரும் அந்த மூலைகளில் இருக்கிறது.

ரெசின் கலக்கும்போது என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். 100 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் ஒன்று முதல் இரண்டு கிராம். மே மாத வெயிலில் அதற்கே சீக்கிரம் இறுகி, பக்கெட் கொதித்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கிறார். ஹார்டனரையும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது; வெடிக்கும். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. இவ்வளவும் சொன்னவர், கண்ணாடி போடாமல் வேலை செய்துகொண்டிருந்தார். கேட்டதற்குச் சிரித்தார். மறுநாள் நான் போனபோது போட்டிருந்தார்.

கடைசியாக போல்ட் துளைகள். தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, ரெசின் பசையால் முழுதாக அடைத்து, அது இறுகிய பிறகு அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளை. இனி போல்ட் தொடுவது ரெசினை, மரத்தை அல்ல. அரை நாள் வேலை. முன்பு கட்டியபோது யாரோ மிச்சப்படுத்திய அரை நாள்!

பலகை இறுக ஒரு வாரம் விடச் சொல்லியிருக்கிறார். படகுக்காரர் தினமும் ஒருமுறை வந்து, நாணயத்தால் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். நான் கிளம்பும்போது, பக்கத்தில் நின்ற இன்னொரு படகைத் தட்டிக்கொண்டிருந்தார். அது அவருடைய மச்சான் படகு.